கோயில் போனுக்கு மூன்று கோடு

பெரியகல் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் பிள்ளைமடுவத்து ஆயாவாக இருந்த நாகலெட்சுமிக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த வயிற்றையும் முட்ட நிரப்பக் கூடாது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நல்லா குடுங்க ஆயாம்மா, வயிறு காஞ்சிடாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டுவாள். அவர்கள் வளைவைத் தாண்டியதும் போத்தலில் கால் பங்கை மிச்சம் வைத்துத்தான் கொடுப்பாள். மிச்சம் பத்து மணிக்கு. முட்டக் குடித்த பிள்ளை கக்கும், காயப் போட்ட பிள்ளை கத்தும், இரண்டுமே கடைசியில் ஆயா தலையில்தான் விடியும் என்பது அவள் கண்ட உண்மை.

இதே கொள்கை ஒரு கைப்பேசிக்கும் பொருந்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு விதமாக எதையும் வளர்க்க அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அவள் பிறக்கும்போதே ஆயா இல்லை. பதினைந்து வயதில் கூடை கட்டி, பத்து வருடம் பழனியாண்டிக் கங்காணியின் கீழ் கொழுந்து பறித்தவள். கை மந்தம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவாள். முற்றல் இலையில் கை வைக்கவே மாட்டாள். கூடை எப்படி நிறையும்? சாயங்கால நிறுவையில் கொழுந்து குறைந்தால் அன்றைய வேலை அரை நாள் வேலை என்று கணக்கு. தோட்டத்தில் அதற்கு அரைப்பேர் என்று பெயர். தராசுப் பக்கத்தில் நின்று பழனியாண்டி அதைச் சொல்லும் விதம் இருக்கிறதே, பக்கத்து மலைக்கும் கேட்கும். "நாகலெட்சுமி... அரைப்பேர்." மற்றவர்களுக்குச் சும்மா சொல்வார். இவள் பெயருக்குப் பிறகு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வார்.

பிள்ளைமடுவத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, "அவளப் போடுங்க தொரை, மலையில அவ இருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு" என்று சிபாரிசு செய்தவரும் அவர்தான். உபகாரம்தான். ஆனால் உபகாரத்தை இப்படியா செய்வது என்று நாகலெட்சுமிக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல் இருந்தது.

கோயில் போன் வந்த கதை ஒரு பிள்ளையிலிருந்து தொடங்குகிறது. இரண்டாயிரத்து நாலாம் வருடம் கீழ்க்கணக்கில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. வாகனம் கேட்க மேல்கணக்குக்கு ஆள் ஓடி, ஓடின ஆள் வழுக்கி விழுந்து, கடைசியில் கொழுந்து ஏற்றுகிற டிரெக்டர் வந்து சேர்ந்தது. லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. மதகுப் பக்கத்தில், டிரெக்டர் பெட்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது மாரியம்மன் புண்ணியம். பிள்ளைக்கு வீட்டில் அழகான பெயர் வைத்தார்கள். நாகலெட்சுமியின் புருஷன் மூக்கன் வைத்த பெயர் டிரெக்டர். மூக்கன் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் வெட்டிய செடியும் அவன் வைத்த பெயரும் பிறகு மாறாது. பிள்ளை டிரெக்டராகவே நின்றுவிட்டான்.

அடுத்த பிள்ளையாவது ஆஸ்பத்திரியில் பிறக்கட்டும் என்று கோயில் கமிட்டி கூடி, அவசரத்துக்கு ஒரு கைப்பேசி வாங்குவதென்று தீர்மானித்தது. கமிட்டித் தலைவர் பழனியாண்டிக் கங்காணி. அதை எங்கே வைப்பது? தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பராக்களுக்கு அப்போது கரண்ட் கிடையாது. கரண்ட் இருந்த இடங்கள் மூன்று: கோயில், கங்காணி வீடு, பிள்ளைமடுவம். கோயிலில் பகலில் ஆள் இல்லை. கங்காணி பகலெல்லாம் மலையில் நிற்பார். மிஞ்சியது மடுவம்.

பதினாறு பிள்ளைகளை நாகலெட்சுமியிடம் ஒப்படைப்பதற்கு இதுவரை எந்தக் கூட்டமும் கூடியதில்லை. ஒரு போனை ஒப்படைக்க மூன்று கூட்டம் கூடியது. மூன்றாவது கூட்டத்தில் பழனியாண்டி எழுந்து நின்று சொன்னார்:

"இந்தாம்மா நாகலெட்சுமி. போன் ஒங்கிட்ட இருக்கட்டும். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் பூசைக்குக் கொண்டாந்து காட்டணும். பெட்டரி செத்துச்சுன்னா அது ஒன்னோட பொறுப்பு. அன்னைக்கே போன் எங்க வீட்டுக்கு வந்துரும்."

அவள் தலையை ஆட்டினாள். தாய்மார்களிடம் ஆட்டுகிற அதே ஆட்டல்.

போன் வாங்க லிந்துலையில் பைஸர் நானா கடைக்குப் போனார்கள். ரேடியோ, மணிக்கூடு, டோர்ச் லைட் எல்லாம் பழுது பார்த்துக்கொண்டிருந்த பைஸர் அப்போதுதான் போன் வியாபாரத்தில் இறங்கியிருந்தார். ஒரே மாதிரி இரண்டு போன் இருந்தது. ஒன்றைக் கோயிலுக்கு வாங்கினார்கள். இன்னொன்றைப் பழனியாண்டி கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தனக்கு வாங்கிக்கொண்டார். அவருடைய ஒரே மகன் செல்லசாமி கத்தாருக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மனைவியும் இல்லை, காலமாகிவிட்டாள். ஆக ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கு வளர்ப்புக்குப் போயின.

பைஸர் முதுகு மூடியைக் கழற்றி, தீப்பெட்டி அளவு தட்டையான பெட்டரியை எடுத்துக் காட்டினார். "நல்லாக் கேட்டுக்குங்க. மொதல் தடவ எட்டு மணித்தியாலம் சார்ஜ் போடணும். பொறகு முழுசாச் செத்தாத்தான் திரும்பப் போடணும். அரைகுறையாப் போட்டா பெட்டரிக்கு அதுவே பழகிப் போயிரும்."

பழனியாண்டி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நாகலெட்சுமி அந்தப் பெட்டரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடுப்புச் செருகலிலிருந்து மைச்சிமிழை எடுத்து, அதன் ஓரத்தில் விரலால் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள். மடுவத்துக்கு வருகிற எந்தப் பிள்ளையும் அவள் கையால் திருஷ்டிப் பொட்டு வாங்காமல் தொட்டிலில் ஏறியதில்லை. பைஸர் நானா அதைக் காணாதவர் மாதிரிக் காசை எண்ணிக்கொண்டார். யாவாரி அல்லவா.

போன் மடுவத்துக்கு வந்த முதல் வாரமே நாகலெட்சுமி பைஸர் சொன்ன சட்டத்தை மீறினாள். சாகும்வரை காத்திருந்து பிறகு கரண்ட் கொடுப்பதாவது! மயங்கி விழும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் இருப்பாளா ஒருத்தி? பெட்டரி எவ்வளவு இருக்கிறது என்று காட்டப் போனில் நாலு கோடு உண்டு. கோடு இரண்டாகக் குறைந்ததும் பிளக்கில் மாட்டுவாள். மூன்றாவது கோடு வந்து நின்றதும் கழற்றிவிடுவாள். நாலாவது கோடு அவளைப் பொறுத்தவரை கக்கப் போகிற கோடு. வெயில் விழாத ஜன்னல் கட்டையில் ஒரு பழைய சீத்தைத் துணித் துண்டின் மேல் அது படுத்திருக்கும். பால் காய்ச்சுகிற அடுப்புப் பக்கம் பிள்ளைகளுக்கும் அனுமதி இல்லை, அதற்கும் இல்லை. இராத்திரிக்கு மடியில் கட்டிக்கொண்டு காம்பராவுக்குக் கொண்டுபோவாள். "எனக்கு இல்லாத இடம்" என்று மூக்கன் சொல்லிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பான்.

முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பழனியாண்டி போனை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். அவர் முகம் நிறுவைக் களத்து முகமாக மாறியது.

"என்னம்மா இது, மூணு கோடுதான் இருக்கு?"

"போதுங்க கங்காணியாரே. முட்டக் குடுக்கக் கூடாது."

கங்காணி கூட்டத்தைப் பார்த்தார். மூச்சு வாங்கினார். "நாகலெட்சுமி... அரைப்பேர்."

கோயில் முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் தீபாராதனை, திருநீறு, அரைப்பேர், பிறகுதான் சுண்டல். பிள்ளைகளுக்குக்கூட அது மனப்பாடம். டிரெக்டர் முதன்முதலில் பேசிய சொற்களில் அதுவும் ஒன்று.

சிரிப்புக்குப் பின்னால் கொஞ்சம் உண்மைக் கோபமும் இருந்தது. வெயிலிலும் மழையிலும் நின்று பறித்த கொழுந்துக்குப் பாதிப் பெயர் வாங்கி வாங்கிப் புண்பட்ட சனம் அது. தாங்கள் சேர்ந்து வாங்கிய போனிலும் பாதிதானா என்று கேட்டார்கள். நாலு கோடு இருக்க, ஏன் மூன்றோடு நிறுத்தணும்? அது நியாயமான கேள்விதான். அவளிடம் பிடிவாதம் மட்டும் இருந்தது.

பழனியாண்டி வீட்டில் நடந்த வளர்ப்பு வேறு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவர் குஞ்சு வைரக்குஞ்சு. போன் மூச்சை விடும்வரை விட்டுவைத்து, செத்த பிறகு மாட்டி, மாட்டியதை மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடித்து வந்துதான் கழற்றுவார். எப்போதும் நாலு கோடு. அதோடு விட்டாரா? லிந்துலைக் குளிர் பெட்டரிக்கு ஆகாது என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, மகனுடைய பழைய கம்பளிக் குல்லாவுக்குள் போனைப் போட்டு அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தார். கதகதவென்று இருக்குமாம். ஒரு தடவை இறம்பொடை அனுமார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசையும் செய்துகொண்டு வந்தார். அந்தப் போனுக்குக் கிடைத்த கவனிப்பில் கால் பங்கு அவருடைய பல்லுக்குக் கிடைத்திருந்தால் இன்னும் நாலு பல்லாவது மிஞ்சியிருக்கும்.

ஒரு வருடம் கழித்து, நாகலெட்சுமி லிந்துலைக்கு மருந்து எடுக்கப் போனவள் பைஸர் கடையில் எட்டிப் பார்த்தாள். மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டாள்.

"நானா, மூணு கோட்டோட நிப்பாட்டுனா பெட்டரி கெட்டுப் போயிருமா?"

பைஸர் கடைக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, அந்த எட்டு மணித்தியாலக் கதையெல்லாம் பழைய சாதிப் பெட்டரிக்கு. இது லித்தியம். போன மாசம் கொழும்புல கூட்டி வச்சு வகுப்பு எடுத்தாங்க, அப்பத்தான் எனக்கே தெரியும். இதச் சாக விடவும் கூடாது, முழுசா நெரப்பி அப்படியே மாட்டி வைக்கவும் கூடாது. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்து, நடு வயித்துல வச்சிருந்தா ரொம்ப நாள் நிக்கும். சூடு மட்டும் அறவே ஆகாது."

நாகலெட்சுமிக்கு ஒரு வருடமாகக் கோயிலில் வாங்கிய அத்தனை அரைப்பேரும் கண் முன்னால் வந்து நின்றன. "அப்ப இத ஒரு வார்த்த கங்காணிக்குச் சொல்லுங்களேன்."

"நான் சொன்னத நானே மாத்திச் சொன்னா அந்த மனுசன் நாளைக்கு எங்கிட்ட ஒரு டோர்ச் லைட்டும் வாங்க மாட்டாரு," என்றார் பைஸர். "நீங்களே சொல்லிருங்க. அந்தப் பெட்டரியக் கவனமாப் பாத்துக்குங்க தங்கச்சி. அந்த மொடல் வாறது நிண்டு போச்சு. போலிதான் கெடைக்கும், அது ரெண்டு மாசத்துல ஊதிப் போயிரும்."

அவள் சொன்னாள். பழனியாண்டி கேட்டுவிட்டு, "பைஸரு எங்கிட்ட சொன்னத நீ எனக்குச் சொல்றியா? கூடையவே நெரப்பத் தெரியாதவ பெட்டரிய நெரப்புற கதைய எனக்குச் சொல்றா" என்று வெற்றிலையைத் துப்பினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன் வந்து இரண்டு வருடம் ஆனது. கோயில் போன் ஏழு பிரசவத்துக்கும், ஒரு கால் முறிவுக்கும் வேன் கூப்பிட்டுக் கொடுத்தது. அட்டை கடித்ததற்குக் கூப்பிடச் சொல்லி வந்த ஒருவரை நாகலெட்சுமி உப்பு கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். ஏழு பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில் பிறந்தன. மூக்கனுக்குப் பட்டப்பெயர் வைக்க வாய்ப்பே இல்லாமல் போனது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் மாரியம்மன் திருவிழா வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அன்று இரண்டு போனையும் சாமி காலடியில் வைத்துப் பூசை செய்ய வேண்டும் என்று பழனியாண்டி சொன்னார். யாரும் அதில் குற்றம் காணவில்லை. சனிக்கிழமை காலை அவரே கோயில் போனை மடுவத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது.

"சாமி கயிறு. அவுத்துறாத," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

நாலு கோடு காட்டியது. நாகலெட்சுமிக்கு அதுவே பிடிக்கவில்லை. எட்டரைக்குப் பார்த்தாள், இரண்டு கோடு. ஒன்பது மணிக்கு ஒன்று. ஒன்பதே காலுக்கு ஒரு முனகல் முனகிவிட்டுப் போன் அணைந்தது.

அந்த நேரம் மடுவத்து வாசல்படியில் ரோகினி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் லயத்துப் பெண், தலைப்பிள்ளை, நாள் நெருங்கிவிட்டது. காம்பராவில் தனியாக இருக்கப் பயந்து பகலெல்லாம் இங்கேதான் வந்து இருப்பாள். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஆயாம்மா, போன் செத்துப்போச்சா?"

"இல்லடி. தூங்குது," என்றாள் நாகலெட்சுமி.

உள்ளே போய்ச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் முதுகு மூடி தானாகவே துள்ளி விழுந்தது. உள்ளே இருந்த பெட்டரி பொருமல் கண்ட பிள்ளையின் வயிறு மாதிரி ஊதியிருந்தது. மூடியைப் பிடித்து வைக்கத்தான் சாமி கயிறு. அவள் பெட்டரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நாலு ஓரமும் பார்த்தாள். பொட்டு இல்லை.

பதினாறு பிள்ளைகளை ஒரே மாதிரிச் சட்டை போட்டு வரிசையாகப் படுக்க வைத்தாலும் எது யார் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் அவள். அவளிடமே பிள்ளையை மாற்றிவிட்டார் மனுசன்.

மத்தியானம் சோற்றுக்கு வந்த மூக்கனிடம் சொன்னாள். மூக்கன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். "திங்கக்கெழம பெரட்டுல வச்சுக் கேப்போம். எல்லாரும் நிக்கிற எடத்துல. முப்பது வருசமா நம்மளக் கொறச்சுச் சொன்ன வாயி இனி எப்படிப் பேசுதுன்னு பாப்போம்."

நாகலெட்சுமிக்கும் அதுதான் ஆசை. பொய் சொல்லுவானேன், அந்தக் காட்சியை ஒரு தடவை மனதில் ஓட்டியும் பார்த்தாள். இனித்தது. ஆனால் திங்கட்கிழமைவரை பொறுக்க ரோகினியின் வயிறு சம்மதிக்க வேண்டுமே. சும்மா இருந்தால் வெள்ளிக்கிழமை போன் கைமாறிவிடும். இவள் கொடுத்த அரை வயிற்றால்தான் பெட்டரி செத்தது என்று ஊர் பேசும். சத்தம் போட்டால் கோயில் தலைவர் சாமி காலடியில் திருடியவர் ஆவார். அதற்குப் பிறகு அந்த மனுசன் இந்தக் கணக்கில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எரிச்சலாக இருந்தது அவளுக்கு. தப்புச் செய்தது அவர், யோசிக்க வேண்டியது இவளா?

தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதும் போனை மடியில் கட்டிக்கொண்டு கங்காணி வீட்டுக்குப் போனாள்.

பழனியாண்டி அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டில் ரொட்டியும் கட்டச்சம்பலும். அவளைக் கண்டதும் தட்டைத் தள்ளிவைத்தார்.

"கங்காணியாரே, திருவிழாக் கூட்டத்துல புள்ளைங்க ரெண்டும் மாறிப்போச்சு போலருக்குங்க."

"எந்தப் புள்ளைங்க?"

அவள் ஊதின பெட்டரியை எடுத்து மேசையில் வைத்தாள். அது தட்டையாகப் படுக்க மாட்டாமல் ஆடியது. "இது ஒங்க வீட்டுப் புள்ள. எங்க புள்ளைக்கு ஓரத்துல பொட்டு இருக்கும்."

அவர் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கம்பளிக் குல்லாவை எடுத்து, அதற்குள்ளிருந்து தன் போனை எடுத்து, மூடியைக் கழற்றினார். கறுப்புப் பொட்டு அப்படியே இருந்தது.

"நான் அத அழுக்குன்னு நெனச்சேன்," என்றார். "தொடச்சுப் பாத்தேன். போகல."

"போகாதுங்க. நானே காய்ச்சுற மை."

அடுப்பில் விறகு வெடித்தது. பழனியாண்டி பேச ஆரம்பித்தபோது நிறுவைக் களத்துக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு அவன் எடுப்பான். மொதல்ல கேக்குறதே, அப்பா சாப்புட்டீங்களான்னுதான். நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள இது செத்துப் போயிருது. பத்து ஞாயித்துக்கெழமையாச்சும்மா. பத்துத் தடவ கேட்டுட்டான். நான் ஒரு தடவகூடப் பதில் சொல்லல."

நாகலெட்சுமி கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவள். அதில் பாதி இந்த இடத்தில் காணாமல் போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்புக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள்.

"மொதல்ல அந்தக் குல்லாய ஒங்க தலையில போட்டுக்குங்க," என்றாள். "நாளைக்கு மூணரை மணிக்கு மடுவத்துக்கு வாங்க. ஒங்க போனக் கொண்டாங்க. என் பெட்டரியப் போட்டுப் பேசிட்டுத் திருப்பிக் குடுத்துருங்க. வாரா வாரம் வாங்க."

"ஊருக்குத் தெரியுமா?"

"பெரட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, பொட்டு வைத்த பெட்டரியை எடுத்துக்கொண்டு நடந்தாள். மூக்கனைச் சமாளிக்கத்தான் இரண்டு நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மடுவம் பூட்டுகிற நாள். அவருக்காகத் திறந்து வைத்தாள். பழனியாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தார். மடுவத்தில் இருந்ததெல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சுதான். உட்கார்ந்தார், முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. நாகலெட்சுமி கோயில் போனிலிருந்து பெட்டரியைக் கழற்றி அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். அந்த நேரத்துக்கு வலி வந்தால் கங்காணி போன்தான் கோயில் போன் என்று ரோகினிக்கும் சொல்லி வைத்திருந்தாள், ஏனென்று சொல்லவில்லை.

நாலு மணிக்கு மணி அடித்தது. பழனியாண்டி தொரையைக் கண்டவர் மாதிரி எழுந்து நின்றுவிட்டார். அந்த முனையிலிருந்து வந்த குரல் மடுவம் முழுக்கக் கேட்டது.

"அப்பா, சாப்புட்டீங்களா?"

பழனியாண்டி வாயைத் திறந்தார். போன் சாகவில்லை. சாகாததை நம்ப முடியாமல் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சாப்புட்டேன்டா," என்றார். "போன வாரமும் சாப்புட்டேன். அதுக்கு முந்துன வாரமும் சாப்புட்டேன். நீ கேட்ட பத்துத் தடவையும் சாப்புட்டுத்தான்டா இருந்தேன்."

நாகலெட்சுமி மூக்கைச் சிந்த வெளியே வந்தாள். யாராவது கேட்டால் காற்றுக் குளிர் என்று சொல்லலாம். உள்ளே அவர் மழை, மாடு, முதுகுவலி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று இருபது நிமிடம் பேசினார். முடித்துவிட்டுப் போனை இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு கோடு மிச்சம் இருந்தது. அவள் பெட்டரியை மாற்றிப் பிளக்கில் மாட்டினாள். மூன்றாவது கோடு வரும்வரை அவரும் அந்தச் சின்னப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊதின பெட்டரியைப் பைஸரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்படியும், வழியில் குத்திப் பார்க்கவோ அடுப்பில் போடவோ வேண்டாம் என்றும் அவள் சொன்னாள். பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவரும் சரி என்றார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரோகினி படியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். போன் ஒரே அழைப்பில் வேனைக் கூப்பிட்டது. வேன் முக்கால் மணித்தியாலத்தில் வந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை. "வேன்" என்று ஒரு பெயரை எதற்கும் தயாராக வைத்திருந்த மூக்கன் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை. தீபாராதனை முடிந்து, திருநீறு கொடுத்து, வழக்கப்படி போன் கமிட்டிக் கைக்குப் போனது. பழனியாண்டி வாங்குவதற்கு முன்பே காரியதரிசிப் பையன் எட்டிப் பார்த்துவிட்டான். "மூணு கோடு," என்று அறிவித்தான். கூட்டம் சிரிக்கத் தயாரானது. டிரெக்டர் தாயின் இடுப்பிலிருந்து முன்கூட்டியே "அரப்பேர்" என்றான்.

பழனியாண்டி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். கோட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூச்சு வாங்கினார்.

"நாகலெட்சுமி," என்றார். பக்கத்து மலைக்கும் கேட்டிருக்கும். "முழுப்பேர்."

யாரும் சிரிக்கவில்லை. சுண்டல் சட்டியைத் தூக்கியவர்கூட அப்படியே நின்றார். நாகலெட்சுமி முன்னால் போய்ப் போனை வாங்கி, மடியில் கட்டிக்கொண்டாள். திரும்பியவள் ஒரு நிமிடம் நின்றாள்.

"கங்காணியாரே, அந்தப் பழைய அரைப்பேரையெல்லாமும் அப்படியே மாத்திக் குடுத்துருங்களேன்."

பழனியாண்டி காது கேளாதவர் மாதிரித் திருநீற்றை எடுத்து நெற்றி முழுக்கப் பூசிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குச் சரியாக மடுவத்துக்கு வந்து சேர்ந்தார்.